நடு மடையில எந்த ராணியும் அழுகல: மதுரை சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையவும் சுத்துப்பட்டு ஊர்களையும் பத்தி வீடியோ போட்டு லட்சக்கணக்குல சப்ஸ்கிரைபர் சேத்து வெச்சிருக்குற அந்த யூடியூப் சேனலை நடத்துறவங்களுக்கும், அந்த வீடியோக்களை தொகுத்து புத்தகமா கொண்டு வரப்போறோம்னு போன வாரம் அறிவிச்ச பதிப்பகத்தாருக்கும் இதை எழுதுறேன்.

உங்க பேரை இதுல போடல. பேரைப் போட்டா சண்டைதான் பெருசாகும், விஷயம் அடிபட்டுப் போகும். உங்களுக்குத்தான் எழுதியிருக்கேன்னு உங்களுக்கு தெரியும், அது போதும்.

உங்க கண்மாய் (பாசன ஏரி) தொடர்ல வந்த வீடியோக்கள்ல பாதிக்கு மேல என்னோட கட்டுரைங்க. ரெண்டு பேரும் ஒரே விஷயத்த பத்தி பேசுனோம்னு சொல்லல, வரி வரியா, பத்தி பத்தியா நான் எழுதுனத ஒரு மெஷின் குரல்ல வாசிக்க விட்டிருக்கீங்க. மெயில் போட்டேன், மெசேஜ் பண்ணேன், போன்லயும் பேசுனேன். இதுவரைக்கும் பொறுத்துக்கிட்டது வீடியோவா இருந்ததால, இப்ப அதையே அச்சுல ஏத்தி, அட்டையில இன்னொருத்தர் பேரைப் போட்டு, தமுக்கத்துல புத்தகத் திருவிழாவுல கடை விரிக்கப் போறீங்கன்னு தெரிஞ்சதுக்கு அப்பறம் சும்மா இருக்க முடியல.

நான் மேலூர் பக்கத்து ஊர்க்காரன். பொழப்பு மதுரையில ஒரு ஆபீஸ்ல. லீவு நாள்னா வண்டிய எடுத்துக்கிட்டு ஏதாவது ஒரு கண்மாய்க் கரைக்கு போயிருவேன், பல வருசமா இதான் பழக்கம். எந்தக் கண்மாய்க்கு எங்கேருந்து தண்ணி வருது, தண்ணிய தொறந்து விடுற மடை எத்தனை, நெறைஞ்சா மிச்சத் தண்ணி வழியிற கலுங்கு எந்தப் பக்கம், அப்படி மறுகால் பாஞ்சா அடுத்து எந்தக் கண்மாய்க்கு போகும், வயலுக்கு தண்ணி திருப்பி விடுற நீர்பாய்ச்சியா யாரு இருந்தாங்க, அவங்களுக்கு கூலியா களத்துமேட்டுல எவ்வளவு நெல்லு அளந்தாங்க, இதெல்லாம் எந்த கவர்மெண்ட் ரெக்கார்டுலயும் முழுசா கெடைக்காது, பெருசுங்க வாயில இருந்துதான் வரணும், அதுவும் மொத நாளே வராது, ரெண்டு மூணு தடவ சும்மா போயி டீ குடிச்சு, வெத்தலை வாங்கிக் குடுத்து, அவங்க பேரன் காலேஜ் சீட்டு கதையெல்லாம் கேட்டதுக்கு அப்பறம்தான் மெதுவா "அந்தக் காலத்துல..."ன்னு ஆரம்பிப்பாங்க. பெரியாறு தண்ணி 1895க்கு அப்பறம் எங்க பக்கம் வந்தப்ப எந்தெந்த மானாவாரிக் காடு வயலாச்சு, 1959ல வைகை அணை வந்தப்பறம் ஆத்துத் தண்ணிய நம்பி இருந்த கண்மாய்ங்க நெலமை எப்படி மாறுச்சு, இப்படி ஒவ்வொன்னையும் நாலு பேருகிட்ட கேட்டு, ஒத்துப் போகுதான்னு பாத்துத்தான் எழுதுவேன். ஒரு கட்டுரைக்கு மாசக் கணக்காகும். நீங்க அதை ஒரு சாயந்தரத்துல வீடியோவாக்கிட்டீங்க.

"நாங்களும் சொந்தமா ஆராய்ச்சி பண்ணித்தான் போட்டோம்"னு போன்ல சொன்னீங்க. சரி, அதுக்கு ஒன்னே ஒன்னு சொல்றேன்.

எங்க ஊரு கண்மாயில மூணு மடை. கீழ மடை, நடு மடை, மேல மடைன்னுதான் ஊர்க்காரங்க சொல்லுவாங்க, பொதுப்பணித்துறை ஆளுங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. நடு மடைய எங்க வீட்டுல மட்டும் அழுவாச்சி மடைன்னு சொல்லுவோம். எங்க அப்பத்தா சின்னப் புள்ளையா இருக்கையில கண்மாய் வத்துன நேரம் உள்வாயில எறங்கி அயிரை மீன் அரிக்கப் போயி, புதுக் கொலுசுல ஒன்னை அந்த மடைக்கிட்ட சேத்துல விட்டுட்டு, வீட்டுக்கு போனா அடி விழும்னு இருட்டுற வரைக்கும் அங்கயே உக்காந்து அழுதுச்சாம். அதை வெச்சு எங்க பெரிய தாத்தா கிண்டலா வெச்ச பேரு அது. எங்க வீட்டுக்கு வெளிய அந்தப் பேரு யாருக்கும் தெரியாது. அப்பத்தா போனதுக்கு அப்பறம் நான் ஒரு கட்டுரையில அதை எழுதி வெச்சேன், அந்த ஒரு எடத்துலதான் அந்தப் பேரு எழுத்துல இருக்கு.

உங்க வீடியோவுல "இங்கே உள்ள அழுவாச்சி மடை"ன்னு அந்தக் குரல் சொல்லுது. எங்க அப்பத்தாவ தூக்கிட்டீங்க. அதுக்குப் பதிலா, போரில் கணவனை இழந்த ஒரு பாண்டிய ராணி இந்த மடையில உக்காந்து கண்ணீர் விட்டதால இந்தப் பேரு வந்துச்சுன்னு ஒரு கதைய நீங்களா கட்டி, கம்ப்யூட்டர்ல செஞ்ச ஒரு ராணி படத்தையும் காட்டிட்டீங்க. அப்படி ஒரு ராணி கெடையாது. கல்வெட்டு கெடையாது, செவிவழிக் கதை கூட கெடையாது. இப்ப எங்க ஊரு பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள அந்த ராணி கதைய ஊரு வரலாறுன்னு பேச்சுப்போட்டியில பேசியிருக்கு. டீச்சரும் கைதட்டியிருக்காங்க. அந்தப் புள்ளைய குத்தம் சொல்ல முடியுமா, அது போன்ல பாத்ததத்தான் பேசுச்சு.

ஊரு விவரத்த சரியா எழுதி வெக்கிறது வெட்டி வேலைன்னு யாரும் நெனைக்காதீங்க. மேலூர்க்காரங்களுக்கு அது எதுக்கு ஒதவும்னு நல்லாத் தெரியும். அரிட்டாபட்டிய 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சப்ப அங்க இருக்குற மலை, கண்மாய், சுனை, பழைய தமிழிக் கல்வெட்டு இதையெல்லாம் வெச்சுத்தான் அறிவிச்சாங்க. அப்பறம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம்னு வந்தப்ப சனங்க எடுத்து நீட்டுனது அந்த விவரங்களத்தான், 2025 ஜனவரியில அந்த ஏலமும் ரத்தாச்சு. நாளைக்கு எங்க கண்மாய்க்கு ஒரு ஆக்கிரமிப்பு கேஸ் வந்து, நாங்க போய் எங்க ஊரு கதைய சொல்லையில, எதிர்த்தரப்பு வக்கீல் உங்க ராணி கதைய எடுத்துப் போட்டு "இவங்க சொல்றதெல்லாம் கட்டுக்கதை"ன்னு சொன்னா நாங்க என்ன பண்ணுவோம்?

அடுத்தது ஒரு நீர்பாய்ச்சித் தாத்தாவோட போட்டோ. இதை எழுதும்போதே எனக்கு கை பதறுது.

எங்க பக்கத்து ஊருல நீர்பாய்ச்சியா இருந்தவரு அவரு. குமிழி மடை எப்படி வேலை செய்யும்னு எனக்கு சொல்லிக் குடுத்தவரே அவருதான். கண்மாய்க்குள்ள ரெண்டு கல்லுத் தூண் நிக்கும், அதுக்கு நடுவுல அடியில ஓட்டை, அதை அடைச்சிருக்குறத தூக்கினா தண்ணி கரைக்கு அடியில ஓடி வாய்க்காலுக்குப் போகும், கூடவே கீழ் ஓட்டை வழியா சேறும் வெளியேறும், அதனாலதான் மடை தூர்ந்து போகாம இருந்துச்சு. நெறைஞ்ச கண்மாயில நீந்திப் போயி முங்கி தொறக்கணும், தண்ணி இழுக்குற இழுப்புல கால் மாட்டுனா ஆளு வெளிய வர முடியாது, அப்படி போன ஆளுங்க இருக்காங்க. இதை அவரு கையை ஆட்டி ஆட்டி சொல்லிக்கிட்டு இருந்தப்ப, கலுங்குக் கல்லு மேல உக்காந்த வாக்குல, துண்டை தலையில கட்டிக்கிட்டு சிரிக்கிற மாதிரி எடுத்த படம் அது. படத்தோட ஒரிஜினல் பைலு என்கிட்ட இருக்கு. அதுல அவருக்கு பின்னாடி ஒரு செனை மாடும், இடது ஓரத்துல என் பைக்கு ஹேண்டில்பாரும் விழுந்திருக்கும், நீங்க வெட்டுனதுல அது போயிருச்சு. வலது மூலையில என் பேரு இருந்துச்சு, அதுக்கு மேலயே உங்க லோகோவ ஒட்டியிருக்கீங்க, உத்துப் பாத்தா என் பேரோட கடைசி எழுத்து இன்னமும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது.

அந்தப் படத்த கறுப்பு வெள்ளையாக்கி, சுத்தி கறுப்புக் கட்டம் கட்டி, சோக மியூசிக் போட்டு, "கடைசி நீர்பாய்ச்சியும் போய்விட்டார்"னு தம்ப்நெயில்ல எழுதுனீங்க. அவரு உசுரோட இருக்காரு. நீங்க அதை போட்ட அன்னைக்கு சாயந்தரம் அவரு கடையில உக்காந்து வரக்காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குற பேத்தி அந்தப் படத்த பாத்துட்டு கதறிக்கிட்டே ஊருக்கு போன் அடிச்சிருக்கு. அடுத்த வாரம் நான் போனப்ப அவரு என்கிட்ட கோவமா கூட பேசல. "ஏப்பா, உன்னைய நம்பித்தான உக்காந்து பேசுனேன், என்னைய எதுக்குப்பா படமா மாட்டிப்புட்டீங்க"ன்னு கேட்டாரு. நான் இல்ல தாத்தா, வேற ஆளுங்க எடுத்துப் போட்டாய்ங்கன்னு சொன்னேன். "நீ குடுக்காம அவய்ங்களுக்கு எப்படி போச்சு"ன்னாரு. அவருக்கு எப்படி வெளக்கறது? அதுக்கப்பறம் அந்த ஊருல வேற ரெண்டு பேரு என்கிட்ட பேசவே மாட்டேன்னுட்டாங்க. பல வருசம் போயி போயி சேத்த நம்பிக்கை அது.

இதுக்கு நடுவுல இன்னொன்னும் நடந்துச்சு. ஒரு பத்திரிகைக்கு என் கட்டுரை ஒன்னை அனுப்பியிருந்தேன். ஆசிரியர் போன் பண்ணி, "இது அந்த சேனல்ல வந்ததாச்சே சார், அடுத்தவங்க சரக்க அனுப்பாதீங்க"ன்னு சொல்லி வெச்சுட்டாரு. நான் எழுதுனத நானே திருடுனதா ஆகிப்போச்சு. தேதியோட ஆதாரம் அனுப்புனேன், பாத்துட்டு வருத்தம் தெரிவிச்சாரு, ஆனா கட்டுரை வரல. அவரு மேல எனக்கு கோவம் இல்ல, அந்த நெலமைக்கு என்னைய கொண்டு வந்து நிறுத்துனது நீங்க.

உங்க தரப்புல சொன்ன பதிலையெல்லாம் நல்லா ஞாபகம் வெச்சிருக்கேன், அதனால அதுக்கும் சொல்லிடுறேன்.

"நெட்டுல கெடந்துச்சு, எடுத்தோம்"னீங்க. நெட்டுல இருந்தா அது பொதுச்சொத்து ஆயிடாது. நம்ம நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ல வந்தது, அதுப்படி ஒருத்தரு ஒன்னை எழுதி முடிச்ச நிமிசமே உரிமை அவருக்கு வந்துருது, எங்கயும் போய் பதிவு பண்ணித்தான் ஆகணும்னு கெடையாது, அவரு காலம் முடிஞ்சு இன்னும் 60 வருசத்துக்கு அந்த உரிமை நிக்கும். ஒரு எழுத்த நகலெடுக்குறது, மொழிபெயர்க்கறது, ஒலிப்பதிவு பண்றது, படமாக்கறது எல்லாமே எழுதுனவரு கையில இருக்குற உரிமை. அதனால "நாங்க வாசிக்கத்தான செஞ்சோம்"னு சொல்றதும் நிக்காது.

"டிஸ்கிரிப்ஷன்ல நன்றி இணையம்னு போட்டிருக்கோமே"ன்னீங்க. இணையம்னு ஒரு ஆளு கெடையாது. வெயில்ல கரையில நடந்தது இணையம் இல்ல. என் பேரையே போட்டிருந்தாலும் கூட முழுக் கட்டுரைய அனுமதி இல்லாம எடுக்க முடியாது, நன்றி வேற அனுமதி வேற. விமர்சனம் பண்ண, ஆராய்ச்சிக்கு, நடப்புச் செய்திக்கு நியாயமான அளவு எடுத்துக்கலாம்னு 52ஆவது பிரிவு எடம் குடுக்குது, நான் மறுக்கல, எத்தனையோ பேரு என் கட்டுரையில நாலு வரிய எடுத்துப் போட்டு பேரு சொல்லியிருக்காங்க, சந்தோசம்தான். முழுசா வாசிச்சு விளம்பரக் காசு பாக்கறது அதுல வராது.

"கண்மாய் என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா, தகவல் எல்லாருக்கும் பொதுதானே"ன்னு உங்க டீம்ல ஒரு தம்பி கேட்டாரு. தகவல் பொதுதான் தம்பி. மாடக்குளம் கண்மாய பத்தி யாரு வேணாலும் எழுதலாம், வண்டியூர் கண்மாய பத்தி யாரு வேணாலும் பேசலாம், உலகனேரி கண்மாய்ப் பக்கம் 2004ல ஹைகோர்ட் கிளை வந்துச்சுங்கிறது யாரோட சொத்தும் இல்ல. நீங்களும் கரைக்கு போங்க, பெருசுங்ககிட்ட கேளுங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க, நானே மொத ஆளா நாலு பேருக்கு அனுப்புவேன். நான் கேக்குறது என் வாக்கியத்த, என் படத்த, எங்க அப்பத்தாவ.

"உங்களுக்கும் ரீச் கெடைக்கும்ல"ன்னீங்க. பேரே இல்லாம எப்படிங்க ரீச் கெடைக்கும்?

யூடியூப்ல முறைப்படி புகாரும் குடுத்தேன். பெரிய சினிமா கம்பெனிக்கும் பாட்டுக் கம்பெனிக்கும் அவங்க சரக்க தானாவே கண்டுபுடிச்சுக் குடுக்குற ஏற்பாடு அங்க இருக்கு, எழுத்த எடுத்து வாசிச்சா அதுல சிக்காது, நாமளாத்தான் பாத்து, வீடியோவ நிறுத்தி நிறுத்தி, எந்த நிமிசத்துல எந்த பத்தின்னு எழுதி பாரம் நிரப்பணும். நிரப்புனேன். மொதல்ல ஒரு வீடியோவ தூக்குனாங்க. இப்படி தூக்குனா சேனல் மேல விழுற ஒரு ஸ்ட்ரைக் 90 நாளைக்கு நிக்கும், மூணு வந்தா சேனலே போயிடும்னு உங்களுக்கு பயம், உடனே "இது எங்க சொந்தப் படைப்பு"ன்னு உறுதிமொழி குடுத்து எதிர்மனு போட்டுட்டீங்க. அதுக்கு அப்பறம் 10 வேலை நாளுக்குள்ள நான் கோர்ட்டுல கேஸ் போட்டேன்னு ஆதாரம் காட்டலைன்னா வீடியோ திரும்ப வந்துரும். மாசச் சம்பளக்காரன் 10 நாளுல வக்கீல் புடிச்சு கேஸ் போட முடியுமா? முடியாதுன்னு தெரிஞ்சுதானே போட்டீங்க. வீடியோ திரும்ப வந்துச்சு. அந்த உறுதிமொழியில கையெழுத்து போட்டது யாரோ, அவருக்கு அது பொய்யுன்னு நல்லாத் தெரியும்.

கண்மாய் பாசனத்துல முறைன்னு ஒன்னு உண்டு, இந்த வயலுக்கு இந்த நேரம்னு கணக்கு. அடுத்தவன் முறையில ராத்திரியோட ராத்திரியா வாய்க்கால வெட்டி தண்ணிய தன் வயலுக்கு திருப்பிக்கிட்டவன ஊருக் கூட்டத்துல நிறுத்தி கேப்பாங்க. "தண்ணி வானத்துல இருந்து வந்தது, எல்லாருக்கும் பொது"ன்னு அவன் சொன்னா எவனும் ஒத்துக்க மாட்டான். நீங்க செஞ்சதும் அதுதான். கண்மாய பத்தியே தொடர் போடுறவங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கு.

பாண்டிய நாட்டுல குமிழித் தூம்பு, அதான் அந்தக் குமிழி மடைக் கல்லு, நட்டவங்க அந்தக் கல்லுலயே யாரு செஞ்சு குடுத்ததுன்னு பேரை வெட்டி வெச்சிருக்காங்க, ஆயிரம் வருசம் தண்ணிக்குள்ள நின்ன கல்லுல இன்னும் அந்தப் பேரை படிக்கலாம். உ.வே.சாமிநாதையர் ஒரு ஓலைச்சுவடி யாரு வீட்டுல கெடைச்சுச்சு, யாரு குடுத்து ஒதவுனாங்கன்னு முகவுரையில ஒவ்வொருத்தர் பேரா எழுதியிருக்காரு. நானும் என் கட்டுரை ஒவ்வொன்னுலயும் யாரு சொன்னதுன்னு அவங்க சம்மதத்தோட பேரு, ஊரு போட்டிருக்கேன். நீங்க என் பேரை மட்டும் எடுக்கல, அந்தப் பெருசுங்க பேரையும் சேத்து எடுத்துட்டீங்க. அதுல சிலபேரு இப்ப இல்ல. அவங்க இந்தக் கண்மாய்க்கு உழைச்சாங்கன்னு சொல்றதுக்கு இருந்த ஒரே எழுத்து அதுதான்.

பதிப்பகத்தாருக்கு தனியா ஒன்னு. உங்க புத்தகங்கள நான் காசு குடுத்து வாங்கிப் படிச்சவன், அந்த மரியாதையோடதான் கேக்குறேன். கைப்பிரதி கொண்டு வந்தவங்ககிட்ட இது உங்க சொந்த எழுத்துதானான்னு எழுதி வாங்குனீங்களா? படங்களுக்கு ஒரிஜினல் பைலு கேட்டீங்களா? கேட்டிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். இப்ப நான் பகிரங்கமா சொல்லிட்டேன், இனிமே எங்களுக்கு தெரியாதுன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சே அச்சடிச்சா பதிப்புரிமைச் சட்டம் 63ஆவது பிரிவுப்படி அது கிரிமினல் குத்தம், ஆறு மாசத்துல இருந்து மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு சட்டம் சொல்லுது. மிரட்டுறதுக்கு சொல்லல, அச்சுக்கூலி குடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு தெரியட்டும்னு சொல்றேன்.

நான் கேக்குறது இதுதான்.

எல்லாத்துக்கும் மொதல்ல தாத்தாவோட படம் இருக்குற அந்த வீடியோவ இன்னைக்கே எடுங்க. தம்ப்நெயிலை மட்டும் மாத்திட்டு மாத்திட்டோம்னு சொல்லாதீங்க. உங்க டீம்ல பொறுப்பானவங்க ஒருத்தராவது அவரு வீட்டுக்கு நேர்ல போய் மன்னிப்பு கேளுங்க, கேமரா இல்லாம போங்க. வழி தெரியலைன்னா நான் கூட்டிட்டுப் போறேன்.

ராணி கதை பொய்யுன்னு நீங்களே ஒரு வீடியோவுல, தொடர் ஓடுன அதே எடத்துல, எல்லாரும் பாக்குற மாதிரி சொல்லுங்க. எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு லெட்டர் எழுதுங்க, அந்தப் புள்ள மனசு நோகாத மாதிரி.

என் கட்டுரைய வாசிச்ச மத்த வீடியோக்கள எடுத்துருங்க. எந்தெந்த வீடியோவுல எந்தெந்த நிமிசம்னு பட்டியல் உங்க மெயில்ல ஏற்கனவே இருக்கு. அதுல ஏதாவது ஒன்னை வெச்சுக்கணும்னு நெனச்சா என்கிட்ட கேளுங்க, பேசலாம், ஆனா என் பேரும் தகவல் சொன்ன பெருசுங்க பேரும் வீடியோ ஆரம்பத்துலயே வரணும், குரலாவும் வரணும் எழுத்தாவும் வரணும். சட்டத்துல 57ஆவது பிரிவு, எழுதுனவன் தன் பேரை கேட்டு வாங்கவும், எழுதுனத சிதைச்சா தடுக்கவும் உரிமை குடுத்திருக்கு, அதைத்தான் கேக்குறேன். அதுல இதுவரைக்கும் வந்த காசு எனக்கு வேணாம், அதை அந்த ஊரு கண்மாய் மடைய சரி பண்றதுக்கு ஊர்க்காரங்ககிட்ட குடுங்க.

யூடியூப்ல போட்ட எதிர்மனுவ திரும்ப எடுங்க.

பதிப்பகத்தாரு அந்தப் புத்தகத்த நிறுத்தி வெச்சு, என் எழுத்தும் படமும் எங்கெங்க இருக்குன்னு என் கட்டுரைங்களோட ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு நாள் வேலைதான், நானே வந்து உக்காந்து காட்டுறேன். இருக்குறத எடுத்துட்டு மிச்சம் புத்தகமா நின்னா தாராளமா போடுங்க.

மதுரைய பத்தி வீடியோ போடுற மத்த சேனல்காரங்களுக்கும் சேத்து சொல்றேன், எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க. இதுவரைக்கும் கேட்டவங்க யாருக்கும் நான் இல்லைன்னு சொன்னதில்ல.

புத்தகத் திருவிழா தொடங்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் பாப்பேன். போன்ல வேணாம், பதில எழுத்துல குடுங்க. வரலைன்னா ஒரிஜினல் பைலு, தேதி, உங்க வீடியோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போலீஸ்லயும் கோர்ட்டுலயும் குடுப்பேன், வக்கீல் ஒருத்தர்ட்ட பேசி வெச்சுட்டேன்.

இப்படிக்கு,
மேலூர் பக்கத்துல இருந்து, அழுவாச்சி மடை அப்பத்தாவோட பேரன்